வின்ச் எந்த அடுக்கில் இழுக்கிறது?

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் சென்னையை அடுத்த தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறந்ததைப் பற்றித்தான் அன்றிலிருந்து எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூருக்குக் கீழே. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் முக்கியமாக மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். தெருக்களில் ஆளுயரத்துக்கு நீர் நின்றபோது கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மக்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே ஊர்களில் படகு ஓடியது.

லாரி பெரிய சாலையோடு நின்றுவிடும். உள்ளே போக வேண்டியது சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி. பின்னால் ஒரு டிரெய்லர், அதன் மேல் ஃபைபர் படகு. அப்படி ஒரு ஜோடியை வைத்திருப்பவர், அல்லது வைத்துக்கொள்ள நினைப்பவர், முதலில் யோசிப்பது முன்பக்கம் ஒரு வின்ச், அதாவது புதைந்த வண்டியை மீட்க டிரம்மில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்பொறி, மாட்டுவதைப் பற்றித்தான். கடையில் கேட்டால் சட்டென்று ஒரு கணக்கு வரும்: வண்டியின் மொத்த எடையை ஒன்றரையால் பெருக்கு, அந்த அளவுக்கு வின்ச் வாங்கு. ஆளும் சாமானும் ஏறிய வண்டி 2.2 டன், படகோடு டிரெய்லர் 1 டன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3.2 டன், ஒன்றரை மடங்கு 4.8 டன். வின்ச்சுகளின் திறனைப் பவுண்டில் எழுதும் வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது; பொழுதுபோக்கு வண்டிகளுக்கான மின் வின்ச்சை 1959-ல் சந்தைக்குக் கொண்டுவந்த வார்ன் நிறுவனம் அந்த நாட்டுக்காரர்களுடையது. பவுண்டில் பார்த்தால் 9,500 என்பது சுமார் 4,300 கிலோ, 12,000 என்பது சுமார் 5,440 கிலோ. ஆகவே 12,000 பவுண்டு வின்ச்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லுவார். கணக்கில் தப்பில்லை. ஆனால் பெட்டியின் மேல் உள்ள எண் எந்த நிலையில் அளந்தது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

அந்த எண் டிரம்மின் மேல் ஒரே ஒரு அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. மோட்டாரும் பல்சக்கரங்களும் சேர்ந்து டிரம்முக்குத் தருவது ஒரு திருகுவிசை. அதை டிரம் மையத்திலிருந்து கயிறு இருக்கும் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் இழுவிசை. கயிறு சுற்றச் சுற்ற அந்தத் தூரம் கூடுகிறது, திருகுவிசை அதேதான், எனவே இழுவிசை குறைந்துகொண்டே போகிறது.

ஒரு சாதாரண 9,500 பவுண்டு வின்ச்சை எடுத்துக்கொள்ளலாம். டிரம்மின் விட்டம் 63 மி.மீ. போல, அகலம் 23 செ.மீ. போல, கயிறு 9.5 மி.மீ. தடிமன், 28 மீட்டர் நீளம். ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 24 சுற்று. முதல் அடுக்கில் ஐந்தரை மீட்டர் கயிறுதான் அடங்கும். அங்கே இழுவிசை 4,300 கிலோ. இரண்டாம் அடுக்கில் 3,400. மூன்றாவதில் 2,830. நான்காவதில் 2,400. கயிறு முழுவதும் சுற்றியிருக்கும் வின்ச், பெட்டியில் போட்ட திறனில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டுமே இழுக்கும். கயிறு டிரம்மிலிருந்து பிய்த்துக்கொண்டு வராமலிருக்க எப்போதும் சில சுற்றுகளை விட்டுவைக்க வேண்டும். அதனால் முதல் அடுக்கிலும் முழுப் பயன் கிடைக்காது.

முடிச்சூர்த் தெரு ஒன்றில் இந்த வின்ச் மாட்டிய வண்டி ஏரிச் சேற்றில் புதைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மீட்டர் தள்ளி ஒரு வேப்பமரம். மரத்தில் மாட்டி நேராக இழுத்தால் வெளியே போவது 8 மீட்டர் கயிறு, டிரம்மில் மிச்சம் 20 மீட்டர். அதாவது மூன்றாம் அடுக்கு, 2,830 கிலோ. நகர்ப்புறத்து நெருக்கடியில் மரம் எப்போதும் பக்கத்தில்தான் இருக்கும். முதல் அடுக்கில் அளந்த திறன் அளவு இங்கே செல்லுபடியாகாமல் போவதற்கு இதுவே காரணம்.

இப்போது மரத்தில் ஒரு கப்பியை மாட்டுவோம். கடைகளில் ஸ்னாட்ச் பிளாக் என்று விற்பது இதைத்தான். பக்கத் தகடு திறந்து கயிற்றை நடுவில் போடும்படி இருக்கும். வின்ச்சிலிருந்து கிளம்பும் கயிறு கப்பியைச் சுற்றித் திரும்பி வந்து வண்டியின் சேஸிஸ் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. கிணற்றுக் கப்பி இழுக்கும் திசையை மட்டும் மாற்றும்; விசையைக் கூட்டாது. இங்கே கப்பி மரத்தில் நிலையாகத்தான் இருக்கிறது, ஆனால் கயிற்றின் இரண்டு முனையும் நகரும் வண்டியில் இருப்பதால் வண்டியை இரண்டு இழைகள் இழுக்கின்றன. விசை இரட்டிப்பு, வேகம் பாதி. அதோடு இன்னொரு லாபமும் உண்டு, பலரும் கவனிக்காதது: போய்த் திரும்ப 16 மீட்டர் கயிறு வெளியே போய்விடுவதால் டிரம்மில் 12 மீட்டர்தான் மிச்சம். வின்ச் மூன்றாம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு இறங்கிவிட்டது. 3,400-ஐ இரண்டால் பெருக்கி, கப்பி உராய்வுக்குப் பத்து சதவீதம் கழித்தாலும் 6,100 கிலோ கிடைக்கிறது. அதே மரம், அதே வின்ச், இரண்டு மடங்குக்கும் மேல்.

கப்பி இல்லாத 12,000 பவுண்டு வின்ச் அதே தெருவில் மூன்றாம் அடுக்கில் தருவது சுமார் 3,600 கிலோ. பெரிய வின்ச் வாங்கியவரைச் சின்ன வின்ச்சும் கப்பியும் வைத்திருப்பவர் எளிதாக மிஞ்சிவிடுவார். ஆகையால் வாங்கும்போது பெரிதா சிறிதா என்பதைவிட, கூடவே கப்பி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தக் கப்பியும் அதைப் பிடிக்கும் ஷேக்கிளும் மரத்தைச் சுற்றிக் கட்டும் பட்டையும் வின்ச்சின் திறனைப்போல் இரண்டு மடங்கு தாங்க வேண்டும். கயிற்றின் இரண்டு இழைச் சுமையும் சேர்ந்து விழுவது அவற்றின் மேல்தான். 4.3 டன் வின்ச்சுக்கு 8.6 டன்னுக்குக் குறையாத கப்பி. இதில் மிச்சம் பிடிப்பவர்களை என்ன சொல்வது!

சரி, எவ்வளவு இழுவிசை தேவை? இதை மண்தான் முடிவு செய்யும். இராணுவங்கள் பீரங்கி வண்டிகளை மீட்க வைத்திருக்கும் தோராயக் கணக்கு நமக்கும் உதவும். கெட்டியான தார்ச்சாலையில் வண்டியை உருட்ட எடையில் 25-ல் ஒரு பங்கு போதும். இளகிய மணலில் நான்கில் ஒன்று. மேலோட்டமான சேற்றில் மூன்றில் ஒன்று. சதுப்பில், களியில் பாதி. சரிவு இருந்தால் ஒவ்வொரு பாகைக்கும் எடையில் 60-ல் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். 15 பாகை ஏற்றத்துக்கு நான்கில் ஒன்று. இதெல்லாம் சக்கரம் உருளும்போது. புதைந்துவிட்டால் கணக்கு வேறு. சக்கர ஆழம் புதைந்தால் வண்டி எடை முழுவதும். சக்கர வளைவு வரை போய்விட்டால் இரண்டு மடங்கு. உடம்பு வரை மூழ்கினால் மூன்று மடங்கு.

தென்சென்னைப் புறநகரில் இந்த வகைகள் எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கும். கோவளத்தில் கடல் மணல். பள்ளிக்கரணையில் சதுப்பு. வரதராஜபுரம், முடிச்சூர்ப் பக்கம் பழைய ஏரி, ஆற்றுப் படுகைகளின் களிமண்; வெள்ளம் வடிந்த பிறகு அது சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வுவது என்பது வெறும் பேச்சு வழக்கு அல்ல. ஈரக்களியில் பதிந்த சக்கரத்தைத் தூக்கும்போது அடியில் காற்றோ நீரோ புக வழியில்லை. அழுத்தம் குறைந்து, மேலேயிருக்கும் காற்றழுத்தம் வண்டியைக் கீழே அழுத்துகிறது. மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றிக் கொஞ்சம் தோண்டி வழி விட்டால் வின்ச்சுக்குப் பாதி வேலை குறையும். கோவளத்து மணலிலோ பல நேரம் வின்ச்சே வேண்டியதில்லை. டயர் காற்றைப் பதினாறு, பதினேழு பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் தரையில் படும் நீளம் கூடி வண்டி தானாக எழுந்து வந்துவிடும். திரும்பத் தார்ச்சாலை ஏறுமுன் காற்றடிக்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முடிச்சூர் மரத்தடிக்குத் திரும்புவோம். வண்டியும் டிரெய்லரும் சக்கர ஆழம் புதைந்திருக்கின்றன. தேவை 3,200 கிலோ. நேரிழுப்பில் கிடைப்பது 2,830. வராது. ஆனால் டிரெய்லரைக் கழற்றிவிட்டால் தேவை 2,200 மட்டும். வந்துவிடும். வெளியே வந்த வண்டியைத் திருப்பி நிறுத்தி, டிரெய்லரை அதே வின்ச்சால் தனியாக இழுத்துக்கொள்ளலாம். சக்கர வளைவு வரை சேறு என்றால் வண்டிக்கு மட்டுமே 4,400 தேவை. அது கப்பியோடு இழுத்தால்தான் ஆகும். இரண்டையும் சேர்த்து இழுக்க முயன்றால் 6,400. கப்பி போட்டாலும் எட்டாது. டிரெய்லர் வைத்திருப்பவர் மொத்த எடைக்கு வின்ச் தேடுவதைவிட, எடையைப் பிரித்து இழுக்கப் பழகுவது மேல். கழற்றும் முன் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் கை வைக்கக் கூடாது, சமதரைபோலத் தெரிந்தாலும்.

டிரெய்லர்க்காரர்களுக்கே உரிய ஆபத்து ஒன்று வண்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது: இழுகுண்டு. 50 மி.மீ. எஃகுக் குண்டு, டிரெய்லரின் மூக்கு கவ்விப் பிடிப்பதற்காக உருவானது. அதில் கயிற்றையோ பெல்ட்டையோ மாட்டிப் புதைந்த வண்டியை வெட்டியிழுக்கிறார்கள். சாலையில் சீராக உருளும் டிரெய்லரின் சுமைக்காக வடித்த கழுத்து, பல டன் திடீர் அதிர்ச்சியில் முறிகிறது. முறிந்த குண்டு பீரங்கிக் குண்டாகி எதிர் வண்டியின் கண்ணாடியைத் துளைத்துப் போகிறது. ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கயிறு மாட்ட வேண்டிய இடம் சேஸிஸோடு போல்ட் போட்ட கொக்கி மட்டுமே.

எடையைப் பற்றி இன்னொன்று. இரும்புக் கயிறோடு நாற்பது கிலோ வின்ச் முன் அச்சுக்கு 80 செ.மீ. முன்னால் தொங்கினால், நெம்புகோல் விதிப்படி முன் சக்கரங்கள் 53 கிலோவைச் சுமக்கும், பின் சக்கரங்களிலிருந்து 13 கிலோ எழும்பும். டிரெய்லர் மூக்கு 75 கிலோ அழுத்தினால் பின்னால் 109 ஏறி, முன்னால் 34 குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டுகின்றன. ஆனால் டிரெய்லர் இல்லாத நாட்களிலும் முன் ஸ்பிரிங் அந்தச் சுமையோடுதான் ஓட வேண்டும்.

வெள்ளத்தில் மீட்பு என்றால் புதைவதோடு மிதப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான்கு மீட்டர் நீளமும் ஒன்றே முக்கால் மீட்டர் அகலமும் உள்ள வண்டிக்கு அடித்தளப் பரப்பு 7 சதுர மீட்டர். தண்ணீர் அடித்தளத்துக்கு மேல் ஒவ்வொரு 10 செ.மீ. ஏறும்போதும் 700 கிலோ மிதப்புவிசை. கதவு இடுக்கு வழியே நீர் உள்ளே புகும் வரை, 30 செ.மீ. ஏறினால் 2.1 டன், 2.2 டன் வண்டி தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். மிக்ஜாமின்போது பள்ளிக்கரணையில் நிறுத்தியிருந்த கார்கள் வரிசையாக அடித்துச் செல்லப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. அந்தக் கார்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும் வண்டியைவிட இலேசானவை. படகு ஏற்றிய டிரெய்லர் வண்டிக்கு முன்பே மிதந்து, வண்டியின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். ஓடும் நீரில் இறங்குவதற்கு முன்பே படகை இறக்கிவிடுவதுதான் நல்லது. படகு மிதக்கத்தானே இருக்கிறது.

அடுத்தது மின்சாரம். முழுச்சுமையில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். வண்டியின் ஆல்டர்னேட்டர் தருவது 120 ஆம்பியர் போல. மீதி பேட்டரியிலிருந்து. உள்ளே போவது 4.8 கிலோவாட், 4,300 கிலோ விசையில் நிமிடத்துக்கு 1.2 மீட்டர் நகர்த்துவது என்பது 840 வாட் வேலை. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு! மிச்சமெல்லாம் மோட்டாரிலும் பல்சக்கரத்திலும் பிரேக்கிலும் சூடாகப் போகிறது. அதனால் ஒரு நிமிடம் இழுத்தால் சில நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கப்பியின் இன்னொரு நன்மை இங்கேயும் வருகிறது: ஒவ்வொரு இழைக்கும் பாதிச் சுமை என்பதால் மின்னோட்டமும் குறைந்து மோட்டார் சூடாவது தணியும்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டால் எஞ்சுவது பேட்டரி மட்டுமே. எனவே நம் ஊர் வின்ச்சுக்கு நீர்காப்பு முக்கியம். ஐபி67 முத்திரை என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். மோட்டாருக்கு மட்டுமா, சுவிட்ச் பெட்டிக்கும் சேர்த்தா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெட்டியை பம்பரில் வைக்காமல் போனட்டுக்கு அடியில் உயரமாக மாட்டுவது நல்லது.

கயிறு இரண்டு வகை. இரும்புக் கம்பிக்கயிறு விலை குறைவு, பாறையில் உரசினாலும் தாங்கும். ஆனால் 28 மீட்டர் சுமார் பத்து கிலோ எடை. கோவளத்து உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். ஒரு இழை அறுந்தால் கையைக் கிழிக்கும். இழுபட்டு அறுந்தால் சாட்டையாய்த் திரும்பும். நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் உருவான டைனீமா வகைப் பாலிஎத்திலீன் கயிறு இரண்டு மூன்று கிலோதான், தண்ணீரில் மிதக்கும், அறுந்தாலும் பெரிதாகத் துள்ளாது. அதற்கு எதிரிகள் வெயில், மணல், சூடு. 150 பாகை செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும்; பல வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருப்பதால் சுமையோடு கயிற்றை இறக்கும்போது அது சூடேறும். மணலில் புரண்ட கயிற்றை நல்ல தண்ணீரில் கழுவாமல் சுற்றினால் மணல் துகள்கள் இழைகளுக்கிடையில் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருக்கும். வெள்ள வேலை, படகு வேலை என்றால் என் ஓட்டு செயற்கைக் கயிற்றுக்கே. எந்தக் கயிறானாலும் இழுக்கும்போது நடுவில் ஒரு ஈரக் கோணிப்பையைப் போட்டுவிடுங்கள். அறுந்தால் வேகத்தைத் தணிக்கும்.

கயிற்றை எதில் மாட்டுவது? மின்கம்பத்தில் கூடாது. மதில் சுவரில் கூடாது. பல டன் பக்கவிசைக்கு அது ஒன்றுமில்லை. முதிர்ந்த வேம்பு, அரசு, புளி நல்லவை, அகலமான பட்டையைச் சுற்றி அடிமரத்தில் மாட்டினால். கடற்கரைச் சவுக்குத் தோப்பில் ஒரே மரத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் போனால் அசைக்க முடியாத நங்கூரம் தரையிலேயே கிடைக்கிறது: சார்னோகைட் பாறை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல் இந்த வட்டாரத்தது என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். எதுவுமே இல்லாத மணல்வெளியில் ஸ்டெப்னி டயரைச் செங்குத்தாகக் குழிதோண்டிப் புதைத்து அதில் கட்டலாம். குழி வெட்ட ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் பிடிக்கும்.

வண்டியில் வின்ச்சை மாட்டும் இடத்துக்குச் சட்டமும் உண்டு. 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் கார்களின் முன்னால் மாட்டும் கிராஷ் கார்டுகள்மேல் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. தடித்த இரும்பு பம்பரோடு வின்ச் மாட்டிக்கொண்டு ஜிஎஸ்டி சாலையில் போனால் அபராதத்துக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். ஏர்பேக் உணரிகளையும் அப்படிப்பட்ட பம்பர் ஏமாற்றக்கூடும். தொழிற்சாலை பம்பருக்குப் பின்னால் சேஸிஸில் போல்ட் போடும் மறைவான தகட்டில் வின்ச்சை வைப்பது பாதுகாப்பு. இன்னொரு வழி, தேவைப்படும்போது மட்டும் மாட்டிக் கழற்றும் தொட்டில் வகை. பின்புற டிரெய்லர்க் கொக்கியின் சதுரக் குழாயில் செருகினால் முட்டுக்காடு மாதிரியான இடத்தில் தண்ணீருக்குள் இறங்கிய டிரெய்லரைப் பின்பக்கத்திலிருந்தே ஏற்றலாம். அந்தக் குழாயும் அதன் போல்ட்டும் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும் தகட்டைப் படித்துவிட்டுச் செருகுங்கள். பெரும்பாலும் அது வின்ச்சின் திறனைவிடக் குறைவாகத்தான் இருக்கும். டிரெய்லரும் சட்டப்படி ஒரு வாகனம், அதற்கும் பதிவு வேண்டும் என்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எப்படியும் ஒரு நடை போக வேண்டியிருக்கும். வின்ச் பொருத்துவதைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம்.